திமித்ரி ஹ்வரஸ்தோவ்ஸ்கி: சைபீரியாவிலிருந்து வந்த பாரிடோன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இவர்?

1962 அக்டோபர் 16 அன்று சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரத்தில் பிறந்த ஓபரா (பாட்டாலேயே கதை நடக்கும் மேற்கத்திய மேடை நாடகம்) பாடகர். 1989-இல் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் நடந்த உலகப் பாடகர் போட்டியில் வென்றபிறகு, ஏறத்தாழ 27 ஆண்டுகள் நியூயார்க், லண்டன், வியன்னா, மிலான், சால்ஸ்பர்க் என்று பெரிய மேடைகளில் பாடினார். 2017 நவம்பர் 22 அன்று லண்டனில் மூளைக்கட்டியால் இறந்தார். வயது 55. பாரிடோன்களுக்கு அது குரல் நன்றாகக் கனிந்து நிற்கும் வயது.

பெயரை எப்படிச் சொல்வது?

ஹ்வ-ரஸ்-தோஃப்ஸ்-கி. அழுத்தம் மூன்றாவது அசையான ‘தோஃப்’ மேல் விழ வேண்டும். முதல் ஒலி தொண்டையிலிருந்து உரசி வருகிற ‘ஹ்’. ‘க்வ’ என்று சொன்னாலும் ரஷ்யர்கள் புரிந்துகொள்வார்கள்.

பாரிடோன் என்றால் என்ன? நம் கட்டைக் கணக்கில் எங்கே வரும்?

ஆண்குரலில் மேலே டெனார், அடியில் பாஸ், நடுவில் பாரிடோன். ஒரு கட்டை சுருதி (ஸட்ஜம் மேற்கத்திய C-யில்) வைத்துப் பாடுகிற ஆண் பாடகரை நினைத்துக்கொண்டால் கணக்கு எளிது. அவருடைய மந்திர ஸ்தாயி பஞ்சமத்திலிருந்து (98 ஹெர்ட்ஸ்) தார ஸ்தாயி பஞ்சமம் வரை (392 ஹெர்ட்ஸ்) இரண்டு ஸ்தாயிகள். ஓபரா பாரிடோனின் வேலை ஏறக்குறைய இதற்குள்தான். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் வேடங்களில் அதற்கு அரைச்சுரம், ஒரு சுரம் மேலேயும் போக வேண்டியிருக்கும்.

தார பஞ்சமத்தை ஒரு தடவை தொட்டுவிட்டு இறங்குவது பெரிய காரியமில்லை. கள்ளக்குரலுக்குப் போகாமல், முழுச் சாரீரத்தோடு அங்கே கார்வை கொடுத்து நிற்பதில்தான் பாரிடோனின் திறமை தெரியும்.

யாரிடம் கற்றார்?

அப்பா பொறியாளர், அம்மா மருத்துவர். அப்பா பியானோ வாசிப்பார், பாடுவார், நிறைய இசைத்தட்டுகள் சேர்த்துவைத்திருந்தார். பழைய இத்தாலியப் பாடகர்களின் குரல் அந்தத் தட்டுகள் வழியாகத்தான் பையனின் காதில் விழுந்தது. இடையில் ஒரு ராக் குழுவிலும் பாடித் திரிந்தார்.

முறையான பயிற்சி, கிராஸ்னயார்ஸ்க் கலைக் கல்லூரியில் யெகதெரினா யோஃபெல் என்ற ஆசிரியையிடம். கண்டிப்பான ஆசிரியை. படிப்பு முடியுமுன்பே 1985-இல் ஊர் ஓபரா அரங்கில் சேர்ந்தார். ‘ரிகலெட்டோ’ ஓபராவில் மருல்லோ என்ற சின்ன வேடம்தான் தொடக்கம். மருல்லோ, அரசவையில் நிற்கும் பிரபுக்களில் ஒருவன். அங்கே 1990 வரை இருந்தார். மாஸ்கோவுக்கோ லெனின்கிராடுக்கோ ஓடவில்லை. ஊர் அரங்கில் ஐந்து ஆண்டு சம்பளக் கலைஞராக இருப்பதில் ஒரு நன்மை உண்டு. சின்ன வேடத்திலிருந்து பெரிய வேடம் வரை, உலகம் கவனிக்காத இடத்தில் தவறு செய்து திருத்திக்கொள்ளலாம்.

1989 கார்டிஃப் போட்டியை ஏன் இன்னும் பேசுகிறார்கள்?

இரண்டு பாரிடோன்கள் நேருக்கு நேர் மோதியதால். 1983-இல் தொடங்கிய அந்தப் போட்டி இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும். பிபிசி அதைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பும். 1989-இல் சோவியத் யூனியன் சார்பில் ஹ்வரஸ்தோவ்ஸ்கி, வேல்ஸ் சார்பில் உள்ளூர்ப் பிள்ளை பிரின் டெர்வெல். முதல் பரிசு சைபீரியருக்குப் போனது. டெர்வெலுக்கு, ஓபரா அல்லாத தனிப்பாடல்களுக்கான பரிசு கிடைத்தது. இருவருமே பிறகு உலகப் புகழ் பெற்றார்கள்.

ஹ்வரஸ்தோவ்ஸ்கி பாடியவற்றில் ஒன்று, வெர்டியின் ‘தோன் கார்லோ’வில் ரொத்ரிகோ சாகும் காட்சி. நண்பனைக் காப்பாற்றத் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்ட ரொத்ரிகோ, சிறையில் சுடப்பட்டு, நண்பன் மடியில் பாடியபடியே உயிர் விடுகிறான். நீண்ட வாக்கியங்கள், மெதுவான நடை. மூச்சைத் திணறவிடாமல் பாடினால்தான் கேட்பவருக்கு அவன் திணறல் புரியும். போட்டிக்கு இதைத் தேர்ந்தெடுத்ததிலேயே புத்திசாலித்தனம் இருக்கிறது. சத்தத்தைக் காட்டுவதற்கு இடமில்லாத, தன்னிடம் மற்றவரைவிட அதிகமாக இருந்த தம்மைக் காட்டுகிற பாட்டு அது.

அதற்கு முன்பே 1987-இல் சோவியத் கிளிங்கா பாட்டுப் போட்டி, 1988-இல் பிரான்சின் துலூஸ் போட்டி ஆகியவற்றில் வென்றிருந்தார். கார்டிஃப் அவரைத் தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் கொண்டுபோனது.

அவ்வளவு நீண்ட மூச்சு எப்படி வந்தது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நுரையீரல் பெரிதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். வயதுவந்த ஆணின் நுரையீரல் ஒரே மூச்சில் நாலிலிருந்து ஆறு லிட்டர் காற்றை வாங்கி விடும். மற்றப் பாடகர்களிடமும் அதே அளவுதான் இருக்கிறது. வித்தியாசம் செலவு செய்யும் முறையில்.

முதலில் வாங்குவது. தோள் உயரக் கூடாது. கீழ் விலாவும் இடுப்பின் பக்கவாட்டும் விரிய வேண்டும். பிறகு, பாடும்போது விரிந்த விலா உடனே சுருங்கிவிடாமல் பிடித்துவைப்பது. விலா திறந்தபடி இருக்க, அடிவயிறு மெல்ல உள்ளே போகும். இத்தாலியர்கள் இதை ‘அப்போஜ்ஜோ’ என்கிறார்கள், ‘சாய்ந்து நிற்பது’ என்று பொருள். மூன்றாவது, குரல்நாண்கள் சுத்தமாகச் சேர்வது. அவை சரியாக மூடாமல் காற்று கசிந்தால் மேலே சொன்ன இரண்டும் வீண். குரலில் ‘ஹ’ கலந்த இரைச்சல் கேட்டால் காற்று வீணாகிறது என்று அர்த்தம்.

பயிற்சிக்குப் பல ஆசிரியர்கள் கொடுக்கிற ஒரு வழி உண்டு. 4 எண்ணும்வரை மூச்சை வாங்கு, 4 எண்ணும்வரை தொண்டையை இறுக்காமல் நிறுத்து, 12 எண்ணும்வரை ‘ஸ்ஸ்’ என்று சீராக விடு. வாரத்துக்கு இரண்டு எண்ணாகக் கூட்டு. ‘ஸ்ஸ்’ ஒலி முதலில் வலுவாகவும் கடைசியில் சன்னமாகவும் வந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். தலை சுற்றினால் நிறுத்த வேண்டும்.

இதில் பலரும் செய்யும் தவறு, நீண்ட வரி வருகிறதே என்று பயந்து கழுத்துவரை காற்றை நிரப்பிக்கொள்வது. நிரம்பி வழியும் காற்று குரல்நாண்களை முட்டித் தள்ளும். பாடகர் தொண்டையை இறுக்கி அதைத் தடுப்பார். குரல் இறுகும், பாதி வரியில் காற்றும் தீரும். வேண்டிய அளவுக்குச் சற்றே கூடுதலாக, அவ்வளவுதான் வாங்க வேண்டும்.

நாதஸ்வர வித்வான்கள்போல மூச்சைச் சுழற்றிப் பாடினார் என்கிறார்களே?

நடக்காத காரியம். நாதஸ்வரக்காரர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதைச் சீவாளிக்குள் (வாயில் வைத்து ஊதும் நாணல் முனை) தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சு வாங்குவார். அங்கே ஒலி பிறக்கும் இடம் உதட்டுக்கு வெளியே. பாட்டில் ஒலி பிறப்பது தொண்டையில். குரல்நாண்களுக்குக் கீழிருந்து காற்று வந்தால்தான் அவை அதிரும். மூச்சை வாங்கும் அந்தக் கணத்தில் குரல் நின்றாக வேண்டும்.

அவர் செய்தது வேறு. மற்றவர்கள் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கும் வரியை ஒரே தம்மில் இழுப்பார். வாங்க வேண்டிய இடம் வந்ததும் மூக்கால் சடாரென்று, ஒலி வெளியே கேட்க, வாங்குவார். பதிவுகளில் அந்த உறிஞ்சல் தெளிவாகக் கேட்கும். பிடிக்காதவர்கள் உண்டு. அந்த ஒரு நொடிச் சத்தத்துக்கு ஈடாகக் கிடைத்த வரியின் நீளத்தைப் பார்த்தால், எங்கள் கணக்கில் அது நல்ல பேரம்.

மைக் இல்லாமல் 3,800 பேருக்கு எப்படிக் கேட்கிறது?

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவின் இருக்கைக் கணக்கு ஏறத்தாழ அவ்வளவு. முன்னால் பள்ளத்தில் முழு ஆர்கெஸ்ட்ரா. சத்தத்தால் அதை ஜெயிக்க முடியாது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலிச்சக்தி 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிகம். மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற ஆண்குரலில் 2,500 முதல் 3,200 ஹெர்ட்ஸ் பகுதியில் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) கூடி ஒரு மேடு உண்டாகும். ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும் அந்த இடைவெளி வழியாகக் குரல் புகுந்து கடைசி வரிசைவரை போகிறது. மனிதக் காது அந்தப் பகுதியில்தான் மிகவும் கூர்மை. குரல்வளை தாழ்ந்து, அதன் மேலுள்ள குறுகிய குழாய்ப் பகுதி ஒடுங்கினால் இந்த மேடு உருவாகும், கத்தினால் உருவாகாது.

ஹ்வரஸ்தோவ்ஸ்கியின் குரல் அளவில் ராட்சசக் குரல் அல்ல. இருண்ட, பட்டுப்போன்ற நிறம். ஆனால் அந்த மேடு அதில் உறுதியாக இருந்தது.

எந்த வேடங்களை, எந்த வரிசையில் எடுத்தார்?

அவருடைய தொழில் வாழ்க்கையில் கற்றுக்கொள்ள வேண்டியது இதில்தான் இருக்கிறது. போட்டியில் வென்ற 26 வயதுக்காரரிடம், கொழுத்த வெர்டி வேடங்களைக் கொடுக்க அரங்குகள் தயாராகவே இருக்கும். அவற்றை எடுத்துப் பாடி நாற்பது வயதுக்குள் குரலைத் தொலைத்தவர்கள் பலர். இவர் பொறுத்தார்.

மேற்கில் முதல் ஓபரா 1989-இல் பிரான்சின் நீஸ் நகரில், சாய்கோவ்ஸ்கியின் ‘இஸ்பேட் ராணி’யில் இளவரசர் யெலெட்ஸ்கி. மேடையில் இருக்கும் நேரம் குறைவு. ஆனால் தன்னைவிட்டு விலகிப்போகும் நிச்சயித்த பெண்ணிடம் பாடும் ஒரு காதல் பாட்டு போதும், அரங்கம் நினைவில் வைத்துக்கொள்ளும். 1995-இல் மெட்ரோபாலிட்டனில் முதன்முதலாக ஏறியதும் இதே வேடத்தில். புது அரங்கில் சின்ன வேடம், தாய்மொழியில், உடம்பில் ஊறிய பாட்டு. ஆபத்து மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

அடுத்து, சாய்கோவ்ஸ்கியின் இன்னோர் ஓபராவின் நாயகன் எவ்கேனி ஒனேகின். காதல் கடிதம் எழுதிய கிராமத்துப் பெண்ணுக்கு உபதேசம் செய்து அனுப்பிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து அவள் காலில் விழுபவன். நடுத்தர எடையுள்ள வேடம். 1992-இல் லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் பெல்லினியின் ‘பியூரிட்டானி’. மொஸார்ட், ரோசினி, தோனிசெட்டி வேடங்களும் இதே காலத்தவை. குரல் வளைந்து கொடுக்கப் பழகும் பாடல்கள் இவை. 1993-இல் சிகாகோவில் ‘லா த்ராவியாத்தா’ மூலம் அமெரிக்க ஓபரா மேடை. ஷெர்மோன் என்கிற வயதான தகப்பன், பாடியவருக்கு வயது முப்பதுதான்.

கனமான வெர்டி பாத்திரங்கள், அதாவது ‘இல் த்ரொவத்தோரே’யின் தி லூனா பிரபு, ரிகலெட்டோ, சிமோன் பொக்கனேக்ரா, ‘முகமூடி நடன’த்தின் ரெனாத்தோ, 2000-க்குப் பிறகு அவருடைய அன்றாட உணவாயின. மெட்ரோபாலிட்டனில் பொக்கனேக்ராவை 2011-இல் பாடினார், ஐம்பதை நெருங்கும் வயதில். அந்த வேடத்துக்கு அதுதான் சரியான வயது.

வெர்டி பாரிடோன் வேடம் ஏன் அவ்வளவு கடினம்?

மேல் சுரத்தைத் தொடுவதால் அல்ல, அங்கேயே குடியிருக்க வேண்டியிருப்பதால். பாட்டு முழுக்கக் குரலின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நடக்கும். பாரிடோன் குரலில் திருப்பம் வரும் இடமும் அங்கேதான். மேலே சொன்ன ஒரு கட்டைக் கணக்கில் மத்திய ஸ்தாயி நிஷாதத்துக்கும் தார ஸ்தாயி அந்தர காந்தாரத்துக்கும் இடையில் குரல் ஒரு கதவைக் கடக்கிறது.

அந்தக் கதவருகில் திறந்த ‘ஆ’வை அப்படியே மேலே கொண்டுபோனால் அது கூச்சலாகும், மூன்றாம் அங்கத்தில் குரல் கம்மும். ஆகவே ‘ஆ’வை ‘ஓ’ பக்கம் ஒரு நூலிழை சாய்ப்பார்கள். அதிகம் சாய்த்தால் வேறு சங்கடம்: குரல் மூடி, மங்கி, சொல் புரியாமல் போகும், சுருதி கீழே இறங்கும்.

தி லூனாவின் ‘இல் பலென்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று, மூன்றரை நிமிடம். மெதுவான நடை. வரிக்கு வரி அந்தக் கதவைத் தாண்டிப் போய் வர வேண்டும். கோபக்காரப் பிரபு ஒருவன் தனியாக இருக்கும்போது எவ்வளவு மென்மையாகக் காதலிக்கிறான் என்று காட்டும் பாட்டு. கத்திப் பாடினால் பாத்திரமே செத்துவிடும்.

அவரிடம் குறைகள் இருந்தனவா?

இருந்தன. மூக்கு மூச்சின் சத்தத்தைச் சொல்லிவிட்டோம். குரலுக்கு இயற்கையாக உள்ளதைவிடக் கருமை ஏற்றுவார் என்று விமர்சகர்கள் சொன்னது சில பதிவுகளில் உண்மைதான். அப்போது இத்தாலிய உயிரெழுத்துகள் ஒன்றுபோலக் கேட்கும். இளமையில் மேடையில் விறைப்பாக நிற்பார். அழகான முகம், முப்பதுகளிலேயே நரைத்த வெள்ளித் தலைமுடி, அதைப் பற்றியே எழுதிய பத்திரிகைகள்: பாத்திரம் மறைந்து ஆள் தெரியும் அபாயம் இருந்தது. அந்த விறைப்பு ஒனேகினுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது, ஒனேகின் அப்படிப்பட்டவன்தான். குடிப்பழக்கம் இருந்ததையும் 2001-இல் அடியோடு விட்டதையும் அவரே பேட்டிகளில் பேசியிருக்கிறார்.

இந்த நிலையிலுள்ள பாடகரின் ஆண்டு எப்படிப் போகும்?

பெரிய அரங்குகள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போடும். புதுத் தயாரிப்பு என்றால் ஐந்தாறு வாரம் ஒத்திகை. பழைய தயாரிப்பை மறுபடி போடும்போது சில நாள்கள்தான். பணம் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்ற கணக்கு. தொண்டை கட்டிப் பாட முடியாமல் போனால் அன்றைய ஊதியம் இல்லை. அவருக்குப் பதிலாகத் தயாராக இருக்கும் இன்னொரு பாடகர் ஏறுவார். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது இரண்டு நாள் ஓய்வு விடுவது வழக்கம். அடுத்தடுத்த நாள் பெரிய வெர்டி வேடம் பாடுவது குரல்நாணில் வீக்கத்தையும், மோசமானால் இரத்தக்கசிவையும் கொண்டுவரும்.

ஓபரா தவிர வேறென்ன பாடினார்?

பியானோவோடு மட்டும் தனிக்கச்சேரிகள் அவருக்கு ஓபராவுக்குச் சமம். சாய்கோவ்ஸ்கி, ரக்மானினோவ் பாடல்கள், முசோர்க்ஸ்கியின் ‘மரணத்தின் பாடல்களும் நடனங்களும்’. ரஷ்ய இசையமைப்பாளர் கியோர்கி ஸ்விரிதோவ், ‘பீட்டர்ஸ்பர்க்’ என்ற பாடல் தொகுப்பை இவருக்காகவே எழுதினார். நீண்டகாலப் பியானோ துணை, எஸ்டோனியக் கலைஞர் இவாரி இல்யா.

இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரஷ்யப் பாடல்களை முழு ஆர்கெஸ்ட்ராவோடு பாடிப் பதிவும் செய்தார். ஒவ்வொரு வீட்டிலும் போரில் ஆளை இழந்த நாட்டில் அந்தப் பாடல்கள் என்ன செய்திருக்கும் என்று ரஷ்யப் பார்வையாளர்களின் முகங்களைக் காணொளியில் பார்த்தாலே தெரியும்.

நோய் வந்தபின் எப்படிப் பாடினார்?

2015 ஜூனில் மூளையில் கட்டி இருப்பது அறிவிக்கப்பட்டது. லண்டனில் சிகிச்சை. செப்டம்பர் 25 அன்று, சிகிச்சைக்கு நடுவே, மெட்ரோபாலிட்டனில் தி லூனாவாக ஏறினார். முதல் அங்கத்தின் இரண்டாம் காட்சியில் நுழைவு. ‘தாச்சே லா நொத்தே’, இரவு மௌனமாயிருக்கிறது, என்பதுதான் முதல் வரி. ஆனால் அவர் வாயைத் திறக்குமுன்பே கைதட்டல் எழுந்து ஓயாமல் போனது. ஒரு கணம் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து புன்னகையோடு நெஞ்சில் கைவைத்தார். பிறகு அந்த மௌன இரவைப் பாடினார். கடைசியில் திரை விலகி வணங்க வந்தபோது, ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள் பள்ளத்திலிருந்து வெள்ளை ரோஜாக்களை மேடைமேல் எறிந்தார்கள்.

2016 டிசம்பரில், உடம்பின் சமநிலை தடுமாறுவதால் இனி ஓபரா மேடையில் நடிக்க முடியாது என்று அறிவித்தார். குரல் போகவில்லை, நின்று நடக்கும் கால்தான் போயிற்று. ஓபராப் பாடகருக்கு மேடை ஒரு சரிவு, படிக்கட்டு, இருட்டு, வாள்சண்டை.

2017 மே 7 அன்று மெட்ரோபாலிட்டன், நியூயார்க்கின் லிங்கன் சென்டர் கலை வளாகத்துக்கு இடம்மாறி வந்த ஐம்பதாண்டு விழா. நிகழ்ச்சி நிரலில் இல்லாத அவர் வந்து ரிகலெட்டோவின் ‘கொர்த்திஜானி’யைப் பாடினார். மகளைக் கடத்திய பிரபுக்களைச் சபிக்கத் தொடங்கி, அழுது, கடைசியில் ஒற்றைச் செல்லோவின் துணையோடு அவர்களிடமே கெஞ்சும் கூனனின் பாட்டு. அந்த மேடையில் அவர் கடைசியாகப் பாடியது அது. ஜூன் 2 அன்று, தோளில் அடிபட்டுக் கையைக் கட்டிய நிலையில், கிராஸ்னயார்ஸ்கில், சொந்த ஊரில் அவருடைய கடைசிக் கச்சேரி.

அவர் விரும்பியபடி அஸ்தியில் ஒரு பகுதி மாஸ்கோவின் நொவோதேவிச்சி கல்லறைத் தோட்டத்திலும், மறுபகுதி கிராஸ்னயார்ஸ்கிலும் இருக்கிறது. மருல்லோவாக அவர் தொடங்கிய அந்த ஊர் அரங்கும், ஊர் விமான நிலையமும் இன்று அவர் பெயரில்.

எதில் தொடங்கிக் கேட்கலாம்?

முதலில் யெலெட்ஸ்கியின் பாட்டு, 1990-இல் ரஷ்ய ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் கெர்கியேவ் நடத்த பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சாய்கோவ்ஸ்கி–வெர்டி தொகுப்பில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, எங்கெங்கே மூச்சு வாங்குகிறார் என்று மட்டும் விரல்விட்டு எண்ணுங்கள். அதே பாட்டை வேறொரு பாரிடோனிடம் கேட்டு மறுபடி எண்ணுங்கள்.

பிறகு 2007 மெட்ரோபாலிட்டன் ‘ஒனேகின்’ காணொளி, அமெரிக்கப் பாடகி ரெனே ஃப்ளெமிங்கோடு. கதையை முன்னாலேயே படித்துவிட்டு, கடைசிக் காட்சியை முதலில் பார்த்தாலும் தவறில்லை. மூன்றாவதாக 2011 ‘இல் த்ரொவத்தோரே’.

கடைசியாக முழு ‘ரிகலெட்டோ’ ஒலிப்பதிவு. 2016 கோடையில் லிதுவேனியாவின் கவுனஸ் நகரில், நோய் தெரிந்து ஓராண்டு கழித்துப் பதிவானது. நல்ல ஹெட்போனில், இரவில், இரண்டாம் அங்கத்திலிருந்து கேளுங்கள். ‘லா ரா, லா ரா’ என்று ஒன்றும் தெரியாதவன்போல முணுமுணுத்துக்கொண்டே ரிகலெட்டோ தன் மகளைத் தேடி உள்ளே வரும் இடம்.